மேசை நடுவே ஒரு கோடு

என்னோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களே,

ஒன்றுகூடலுக்காக நம் குழுவில் போட்டிருந்த பேனர் படத்தைப் பார்த்தேன். ‘படிவம் ஒன்று முதல் ஐந்து வரை’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஒரு வருடத்தைக் காணவில்லை. ஒருவர் அதைக் கேட்டதற்கு ஏற்பாட்டாளர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். “ரிமூவ் கிளாஸ் கதையெல்லாம் இப்ப எதுக்குலா? புள்ளைங்க, மருமவனுங்க எல்லாம் வருவாங்க. வெக்கமா இருக்கும்.” அதற்கு நிறையப் பேர் கட்டைவிரல் காட்டியிருந்தீர்கள்.

நான் காட்டவில்லை.

மேடையில் ஏறிப் பேச எனக்கு வராது. கூட்டத்தில் யாராவது என் பெயரைக் கூப்பிட்டாலே காது சூடாகிவிடும். உங்களுக்கே தெரியும், அந்தக் காலத்திலும் நான் அப்படித்தான். ஆனால் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள். எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. வெட்டாமல் போடுங்கள், இல்லாவிட்டால் போடவே வேண்டாம்.

நம் பிள்ளைகள் படித்தால் புரியவேண்டும் என்பதற்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தவர்களில் மலாய்மொழியில் தேறாதவர்கள் நேராக இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றுக்குப் போக முடியாது. ஒரு வருடம் தனி வகுப்பில் உட்கார்ந்து மலாய் படிக்கவேண்டும். சீனப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதே விதி. அந்த வகுப்புக்குப் பெயர் ரிமூவ் கிளாஸ். திருட்டுக் குற்றம் செய்து அங்கே போகவில்லை. ஒரு மொழி தெரியாமல் போனோம். பன்னிரண்டு வயதில் ஒரு மொழி தெரியாமல் இருப்பது வெட்கமா?

அன்றைக்கு அப்படித்தான் நினைத்தார்கள். முடிவு வந்த வாரம் எங்கள் கம்பத்தில், அந்தச் சிற்றூரில், மளிகைக்கடை வைத்திருந்த ஆன்டி என்னைப் பார்த்து, “ரிமூவாமே? பரவால்ல, உன் வயசுப் புள்ளைங்க ரெண்டாம் படிவம் போவும்போது நீ ஒன்னாம் படிவம் போவ” என்று ஆறுதல் சொன்னார். சில்லறையோடு ஒரு மிட்டாயும் கையில் வைத்தார். சாவு வீட்டுக்கு வந்தவர் போல இருந்தது அவர் முகம்.

எங்கள் அப்பா போர்ட் கிள்ளானிலிருந்து சரக்கு ஏற்றும் லோரி ஓட்டினார். அதிகம் பேசமாட்டார், பேசினால் திரும்பப் பேச இடமிருக்காது. அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: “ஒரு வருசம் பாக்கறேன். மலாயில பாஸ் பண்ணலன்னா அத்த கடைக்குப் போயிடு. வாயில்லாத புள்ளைக்கு மிஷின்தான் சரி.”

கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு மாடியில் அத்தையின் தையல் கடை இருந்தது. பள்ளி விடுமுறையில் போயிருக்கிறேன். சன்னல் இல்லாத அறை, மிஷின் எண்ணெய் வாசனை, தரையெல்லாம் நூல். அங்கே வேலை செய்த அக்காமார்கள் உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு குனிந்திருப்பார்கள். ஏதாவது கேட்டால் தலையைத்தான் ஆட்டுவார்கள். பேசாத பிள்ளையான எனக்கே அந்த அறையைப் பார்த்தால் பயமாக இருந்தது. நான் பேசாமல் இருந்தது என் விருப்பம். வாயில் ஊசியோடு பேசாமல் இருப்பது வேறு. அந்த வருடம் முழுக்க எனக்கு அந்தக் குண்டூசிகள்தான் கண்ணில் நின்றன.

நம் வகுப்பறையை மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளியின் பின்பக்கம், தச்சுப் பட்டறையை ஒட்டி, தகரக் கூரை. நமக்குப் பிற்பகல் பள்ளி. கிள்ளானில் மழை எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லவேண்டியதில்லை. தகரத்தில் மழை விழ ஆரம்பித்தால் டீச்சரின் குரல் கேட்காது. அவர் வாய் அசைவதைப் பார்த்து நாம் கூட்டமாகக் கத்துவோம். எதைக் கத்தினோம் என்று யாருக்குத் தெரியும்? பக்கத்துப் பட்டறையிலிருந்து வரும் மரத்தூள் நம் புத்தகங்களில் படிந்து கிடக்கும். வீட்டில் அதைத் தட்டினால் அம்மா, “படிக்கப் போறியா, பலவ அறுக்கப் போறியா?” என்பார்.

அந்தப் பாடப்புத்தகத்தில் ஒரு குடும்பம் இருந்தது. அப்பா சோபாவில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். அம்மா புன்னகையோடு சமைப்பார். அண்ணன் காரைக் கழுவுவான். தங்கை பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். “இது அப்பா. அப்பா செய்தித்தாள் படிக்கிறார்.” டீச்சர் சொல்ல, நாம் திருப்பிச் சொல்ல, மறுபடியும் அவர் சொல்ல. பல வாரங்களுக்கு அந்த அப்பா சோபாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எனக்கு அந்தக் குடும்பத்திடம் சொல்ல ஒன்றும் இல்லை. அவர்களுக்கும் என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை.

மலாய் டீச்சர் செய்த ஒரு காரியம்தான் நம்மைக் காப்பாற்றியது. அதை அவர் நம்மைப் பேசாமல் இருக்க வைக்கத்தான் செய்தார். தமிழ்ப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்தால் தமிழ் பேசுகிறோம், சீனப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்தால் அவர்கள் மொழி பேசுகிறார்கள் என்று ஒருநாள் எல்லாரையும் எழுப்பி நிறுத்தினார். இருவர் உட்காரும் மேசை ஒவ்வொன்றிலும் ஒரு தமிழ்ப் பிள்ளை, ஒரு சீனப் பிள்ளை. “இனி வகுப்பு அமைதியாக இருக்கும்” என்றார். முதல் இரண்டு நாள் அப்படித்தான் இருந்தது.

எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளை நீங்கள் மறந்திருக்கலாம். குட்டை முடி, வலது கையில் எப்போதும் ஏதாவது ஒரு பிளாஸ்டர். அவள் குடும்பத்துக்குப் பாசார் சந்தையில் மீன் கடை. காலையில் கடையில் நின்றுவிட்டு நேராகப் பள்ளிக்கு வருவாள். எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தாலும் மீன் வாசனை முழுதாகப் போகாது. வந்த மூன்றாம் நாள் தன் பையிலிருந்து காம்பஸை எடுத்து, அதன் முனையால் மேசையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கீறினாள். பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள். தன் பக்கம் கையைக் காட்டினாள். முடிந்தது.

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனால் கோடு நடுவில் இல்லை. என் பக்கமாகச் சாய்ந்து இருந்தது.

இதைச் சொல்லவேண்டும். எப்படிச் சொல்வது? அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அவள் வீட்டுச் சீனமான ஹொக்கியன் தெரியாது. இருவருக்கும் தெரிந்தது ‘அப்பா செய்தித்தாள் படிக்கிறார்’ மட்டும்தான். கோபம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, மொழிதான் இல்லை. நான் பையிலிருந்து மலாய்–தமிழ், தமிழ்–மலாய் கையகராதியை எடுத்தேன். அதுவரை அதைத் திறந்ததே இல்லை. ‘வளைவு’ என்று தேடினேன். பிறகு ‘நியாயம்’. இரண்டையும் அவளிடம் சொன்னேன். அவள் உடனே தன் மலாய்–சீன அகராதியை எடுத்துப் புரட்டினாள். மணி அடித்துவிட்டது. மறுநாள் வந்து உட்கார்ந்ததும் எனக்குப் பதில் சொன்னாள்: “கெடெகுட்.” நான் தேட வேண்டியிருந்தது. கஞ்சப்பிசினாறி.

நான் அன்று வீட்டுக்குப் போய், விளக்குமாறு எடுக்கச் சொன்ன அம்மாவைக்கூடக் கவனிக்காமல் அகராதியோடு உட்கார்ந்தேன். மறுநாள் போய், “சொம்போங்” என்றேன். திமிர் பிடித்தவள். அவள் அதைத் தேடிக் கண்டுபிடித்து, முகம் சிவந்து, மறுபடியும் தேட ஆரம்பித்தாள்.

இப்படித்தான் எங்கள் சண்டை நடந்தது. முதலில் ஒரு நாளைக்கு ஒரு அடி. பிறகு பள்ளி தொடங்கும்போது ஒன்று, இடைவேளைக்குப் பின் ஒன்று என்ற வேகம் வந்தது. முழங்கைக்கு வார்த்தை தேவைப்பட்டபோது முழங்கையைக் கற்றோம். ரப்பர் காணாமல் போனபோது இறந்தகாலம் கற்றோம். ‘நீ எடுத்திருப்பாய்’ என்று சந்தேகப்படக் கற்றுக்கொண்டது ஒரு வெள்ளிக்கிழமை. ஆறாம் மாதத்தில் எங்களுக்கு அகராதியை எடுக்க நேரமில்லை, அவ்வளவு சொல்லவேண்டியிருந்தது. நம் வகுப்பில் மற்ற மேசைகளிலும் இதுதான் நடந்தது. பேனா, குடை, உட்காரும் இடம், கான்டீன் வரிசை. உங்களுக்கு மலாய் எங்கிருந்து வந்தது என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். சோபாவில் இருந்த அப்பாவிடமிருந்தா?

இன்னொரு பக்கம் டியூஷன் சார் இருந்தார். நம்மில் பாதிப் பேர் அவரிடம் போனோம். கடைவீதியில் ஒரு மாடி, கீழே பூக்கடை. மல்லிகை வாசனையும் ஸ்டென்சில் மை வாசனையும் கலந்து வரும் படிக்கட்டு. சாரிடம் ஒரு முறை இருந்தது: மாதிரிக் கட்டுரைகளை அச்சடித்துக் கொடுப்பார், நாம் மனப்பாடம் செய்து ஒப்பிக்கவேண்டும். அவற்றில் ‘விடுமுறையில் தாத்தாவின் கிராமத்தில்’ எல்லாருக்கும் நினைவிருக்கும். சேவல் கூவும். காற்று இதமாக வீசும். ஆற்று நீர் தெளிந்து ஓடும். தாத்தாவின் பழத்தோட்டத்தில் டுரியானும் ரம்புத்தானும் காய்த்துத் தொங்கும்.

என் தாத்தா சாலாக் செலாத்தானில் ஒரு கார் பட்டறைக்குப் பின்னால் வாடகைக்கு இருந்து, நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர். நான் வாய் திறந்து சாரிடம் சொன்ன ஒரே வாக்கியம் இதுதான்.

“சார், எங்க தாத்தாவுக்குத் தோட்டம் இல்ல.”

சார் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, “பரீட்சையில இருக்கு. எழுது” என்றார். 

எல்லாரும் சிரித்தீர்கள். “யோசிக்காதீங்க” என்றார் சார். “யோசிச்சா தப்பு வரும்.”

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் நம்மைத் தேற வைக்கப் பார்த்தார், தேறவும் வைத்தார். அவரிடம் போன அத்தனை பேர் தாத்தாவும் அந்த வருடம் தோட்டக்காரர் ஆனார். கட்டுரைத்தாளில் எனக்கு நல்ல மதிப்பெண் வந்தது. போன மாதம் நம் குழுவில் ஒருவர் அந்தக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரை நினைவிலிருந்து தட்டிப் போட்டார். நாம் எல்லாரும் சிரித்தோம். ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தக் காலம் வரைக்கும் அதில் ஒரு வரியையாவது எவரிடமாவது பேசியிருக்கிறீர்களா?

வருடக் கடைசியில் வாய்மொழித் தேர்வு வந்தது. ஒரே மேசையில் இருக்கும் இருவர் டீச்சரின் முன்னால் போய் உரையாடவேண்டும். அதற்கும் புத்தகத்தில் உரையாடல் இருந்தது. இரண்டு தோழிகள் நூல்நிலையத்துக்குப் போகும் வழியில் சந்திக்கிறார்கள். ‘நலமா?’ ‘நலம்.’ ‘எங்கே செல்கிறாய்?’ ‘நூல்நிலையம் செல்கிறேன்.’ ‘நானும் உடன் வரலாமா?’ எனக்கு அது தலைகீழாகத் தெரியும். முதல் நாள் அப்பா, “நாளைக்குத்தான கடைசிப் பரீட்சை? அத்த கேட்டுக்கிட்டிருக்கு” என்று ஞாபகப்படுத்தியிருந்தார்.

டீச்சரின் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தோம். வகுப்பு முழுக்கப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மழை இல்லை. மழை பெய்திருந்தால் யாருக்கும் கேட்டிருக்காது. அவள், “நலமா?” என்றாள். நான், “நலம்” என்றேன். அவள், “எங்கே செல்கிறாய்?” என்றாள்.

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நூல்நிலையம் என்ற வார்த்தை தலையிலிருந்து அழிந்துவிட்டது. காது சூடாகிவிட்டது. டீச்சர் பேனாவைத் திறந்தார். எனக்கு வாய்க்குள் குண்டூசிகள் இருப்பது போல இருந்தது.

அவளுக்கும் அன்று மதிப்பெண் வேண்டும். நான் பேசாவிட்டால் அவளுக்கும் கிடையாது. மேசைக்குக் கீழே என் காலை ஒரு உதை உதைத்தாள். நான் வலியில் நகர்ந்தேன், என் முழங்கை டீச்சரின் மேசையில் அவள் பக்கம் போயிருக்கிறது. அவள் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டாள். அவள் பேசியதும் நான் பேசியதும் நம் பாசார் மலாய், புத்தகத்தில் இல்லாத சந்தைப் பேச்சு. தமிழில் எழுதினால் இப்படி வரும்:

“உன் கை. என் பக்கம்.”

“இங்க கோடு இல்ல. இது டீச்சர் மேச.”

“கோடு இல்லன்னா என் பக்கம் இல்லையா? நீ எங்க போனாலும் அடுத்தவங்க எடத்துலதான் உக்காருவ.”

“நீதான் கோட்ட வளைச்சுப் போட்ட! வருசம் பூரா நான் ஒடுங்கி உக்காந்தேன்.”

“ஒடுங்கியா? உன் பை ஒரு ஆள் மாதிரி. அதுக்கு ஒரு நாற்காலி வேணும்.”

“உன் புத்தகம் மீன் நாத்தம்.”

“உன் தலை எண்ணெய் நாத்தம். மீன காசு குடுத்து வாங்குவாங்க. உன் எண்ணெய யாரு வாங்குவா?”

பின்னால் நீங்கள் மேசையைத் தட்டிச் சிரித்தது எனக்குக் கேட்டது. நிறுத்த முடியவில்லை. முழங்கையிலிருந்து ரப்பருக்குப் போனோம், ரப்பரிலிருந்து குடைக்கு, குடையிலிருந்து விளையாட்டு விழா அன்று அவள் எனக்குத் தராமல் தின்ற அன்னாசிப் பழத்துக்கு. “நீ கேக்கவே இல்ல!” என்று அவள் கத்தினாள். “கேட்டாதான் தருவியா?” என்று நான் கத்தினேன். நான் கத்தினேன் என்பதை எழுதும்போது இப்போதும் எனக்கே நம்பிக்கை வரவில்லை. மணி அடிக்கும் வரை பேசினோம். டீச்சர் பேனாவைத் திறந்தது திறந்தபடி இருந்தது. கடைசியில் எங்கள் இருவர் தாளிலும் சிவப்பில் ஒரு எண் போட்டுக் கோடு இழுத்தார். தோல்வி.

மதிப்பெண் அட்டையைப் பார்த்த அப்பா திட்டவில்லை. “நாளைக்கு லோரிய நிறுத்திட்டு வரேன். ஸ்கூல்ல சொல்லி நிறுத்திடலாம்” என்றார். அம்மா என் பள்ளிச் சீருடையைத் துவைத்து, காயப்போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஆசிரியர் அறைக்கு வெளியே பலகையில் உட்கார்ந்திருந்தோம். அப்பா காக்கிச் சட்டையோடு வந்திருந்தார், கையில் கிரீஸ். உள்ளே மலாய் டீச்சர் தொலைபேசியில் அவர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் காதைத் தீட்டிக் கேட்டேன். அம்மாவைக் கூப்பிட்டது தவிர ஒரு வார்த்தை புரியவில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத மலாய் அது, வார்த்தைகளின் வால் எல்லாம் வெட்டிப்போன மாதிரி. அப்பா மெதுவாக, “கிளந்தான் ஆளு, அந்த ஊரு மலாயே வேற” என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு வெளியே வந்தபோது டீச்சர் மறுபடியும், வகுப்பில் பேசுவது போல, செய்தி வாசிப்பவர் ஆகியிருந்தார். அவரும் தன் வீட்டு மொழியை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் நம்மிடம் வந்தார் என்று புரிய எனக்குப் பல வருடம் ஆனது. நமக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார். அவருக்குத் தெரிந்த வழி அது.

அப்பா தன் மலாயில், மகளை நிறுத்திக்கொள்ள வந்திருக்கிறேன் என்றார். டீச்சர் நீளமாகப் பதில் சொன்னார். அழகான மலாய். கட்டுரையில் எனக்குக் குறையில்லை, அதை வைத்துப் படிவம் ஒன்றுக்குப் போய்விடலாம் என்றும், உரையாடல்தான் இப்படி என்றும் சொன்னார். அப்பாவுக்குப் பாதிதான் பிடிபட்டது போல. என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அதற்குள் டீச்சர் பெருமூச்சு விட்டு, “இவள் பேசுவது மொழியே இல்லை. லோரி கிளிண்டான்கள் பேசுவதைப் போலப் பேசுகிறாள்” என்றார்.

கிளிண்டான் என்றால் லோரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாமான் ஏற்றி இறக்கி, கயிறு கட்டும் உதவியாள். அந்த வார்த்தைக்கு நான் மொழிபெயர்ப்புச் சொல்லத் தேவைப்படவில்லை. அப்பா லைசென்ஸ் எடுப்பதற்கு முன் அதுதான் அவர் வேலை.

அப்பா தன் காக்கிச் சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு அவருடைய மலாயில் கேட்டார்.

“டீச்சர், இவ பேசுதா?”

டீச்சருக்குக் கேள்வி புரியவில்லை.

“வீட்டுல பேசாது. விருந்தாளி வந்தா ரூமுக்குள்ள போயிடும். இங்க பேசுதா? எவ்வளவு நேரம்?”

“மணி அடிக்கும் வரை” என்றார் டீச்சர். “நிறுத்தவே இல்லை. மேசையில் கோட்டை வளைத்துப் போட்டாளாம், இடம் போதவில்லை என்று சண்டை.”

“யார்கூட?”

“பக்கத்தில் இருக்கும் சீனப் பெண்ணோடு.”

“அந்தப் புள்ளைக்கு இவ சொன்னது புரிஞ்சுதா?”

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. “எல்லாம் புரிந்தது” என்றார்.

அப்பா சிரித்தார். ஆசிரியர் அறைக்கு முன்னால், கிரீஸ் கையால் முட்டியைத் தட்டிக்கொண்டு அப்படிச் சிரித்தார். எழுந்து, டீச்சருக்கு வணக்கம் சொல்லி, “நானும் கிளிண்டானா இருந்தவன்தான் டீச்சர். இந்தப் பேச்ச வெச்சுத்தான் இதுங்களுக்குச் சோறு போடறேன். இவளுக்கு அது வந்துடுச்சுன்னு எனக்குத் தெரியாது” என்றார். பிறகு, “நிறுத்தல. அடுத்த வருசமும் வரும். உங்க மலாயவும் சொல்லிக் குடுங்க, அதையும் கத்துக்கட்டும்” என்றார்.

வெளியே வந்து லோரியில் ஏறியதும் கேட்டார். “கோட்ட வளைச்சாப் போட்டா?”

“ஆமாம்ப்பா.”

“எந்தப் பக்கம்?”

“என் பக்கம்.”

“அப்ப நீ கேட்டது சரிதான்” என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார். அத்தை கடைப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

நான் படிவம் ஐந்து வரை படித்தேன். அதற்கு மேல் இல்லை. பட்டம் எதுவும் என்னிடம் கிடையாது. ஆனால் பல வருடங்களாகப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புத்தகக் கடையில் நிற்கிறேன். தினமும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போய் வருகிறேன். மொழி கற்றுத்தரும் புத்தகங்கள் என் அலமாரி. மலாய், ஆங்கிலம், மாண்டரின், கொரியன் கூட வந்துவிட்டது. ஒரு மாதத்தில் பேசலாம் என்று அட்டையில் போட்டவை, குறுந்தட்டு வைத்தவை, இப்போது கைபேசியில் கேட்கக் கட்டம் அச்சிட்டவை. எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அட்டை மாறுகிறது. உள்ளே அந்த அப்பா இன்னும் சோபாவில்தான் இருக்கிறார், செய்தித்தாளுக்குப் பதில் கணினி. நூல்நிலையத்துக்குப் போகிற தோழிகள் இப்போது விமான நிலையத்துக்குப் போகிறார்கள். எந்தப் புத்தகத்திலும் ஒருவர்கூட, ‘நீ என் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாய், நகரு’ என்று சொல்வதில்லை.

புத்தகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. விற்றுத்தான் சாப்பிடுகிறேன். அந்த அகராதி இல்லாவிட்டால் எனக்குத் திமிர் பிடித்தவள் என்ற வார்த்தை எங்கிருந்து கிடைத்திருக்கும்? ஆனால் அதை எதற்காகத் திறக்கிறோம் என்று ஒன்று இருக்கவேண்டும்.

சில மாதங்களுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த ஒருவர் கடைக்கு வந்தார். பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் பரோட்டா மாஸ்டர்.

“அக்கா, ஒரு மாசத்துல மலாய் கத்துக்கிற புக்கு இருக்காமே?”

எடுத்துக் கொடுத்தேன். “யாரோட பேசணும்?” என்றேன். 

“கிச்சன்ல ஒரு இந்தோனேசியாக்காரம்மா. பாத்திரம் கழுவுறாங்க. என் கரண்டிய எல்லாம் எடுத்து எங்கயோ வெச்சிடறாங்க. வாயத் தொறந்து கேக்க முடியல. சிரிச்சுக்கிட்டே நிக்க வேண்டியிருக்கு.”

“அப்ப முதல் பாடத்த விட்டுடுங்க” என்றேன். “கரண்டிக்கு என்னன்னு பாருங்க. அப்புறம் ‘எங்கே’. அப்புறம் ‘என்னுடையது’. இன்னிக்கே போய்க் கேளுங்க. அவங்க ஏதாவது திட்டுவாங்க, அத ஞாபகம் வெச்சுக்கிட்டு வாங்க, தேடிப் பாக்கலாம்.”

முதலாளி கல்லாவிலிருந்து, “அக்கா, நீங்க புக்கு விக்கிறீங்களா, சண்டை மூட்டி விடுறீங்களா?” என்றார்.

“ரெண்டும்தான் பாஸ்” என்றேன். 

மாஸ்டர் அடுத்த வாரம் வந்தார். கரண்டி கிடைத்துவிட்டதாம். அந்த அம்மா திட்டிய வார்த்தையை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். கெடெகுட்.

இனி ஒன்றுகூடல் விஷயத்துக்கு வருகிறேன்.

என் பக்கத்து இடத்துக்காரியும் என்னோடு படிவம் ஒன்றுக்கு வந்தாள். மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டாள், அவள் அப்பாவுக்கு முடியாமல் போனது. இப்போது கிள்ளான் பாசாரில் அந்த மீன் கடை அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போகிறேன். அவள் எடை போடும்போது நான் தராசைப் பார்க்கிறேன் என்று குற்றம் சொல்வாள், பார்க்காவிட்டால் ஏமாற்றுவாய் என்று நான் சொல்வேன். அந்த மலாயில், பாதி ஹொக்கியனும் கொஞ்சம் தமிழும் கலந்து. என் பிள்ளைகளுக்கு அது என்ன மொழி என்றே தெரிவதில்லை.

அவளை நம் குழுவில் யாரும் சேர்க்கவில்லை. சீனப் பிள்ளைகள் இருந்த அந்தப் பாதி வகுப்பையே சேர்க்கவில்லை. கேட்டால், “நம்ம ஆளுங்க மட்டும் போதும்லா” என்கிறீர்கள். பேனரில் அந்த ஒரு வருடத்தை எடுத்துவிட்டால் அவர்களையும் எடுத்துவிடலாம், வசதிதான். ஆனால் நாம் வாய் திறந்ததே அவர்களோடுதான். அந்த வருடத்தில்தான் நான் முதன்முதலாகக் கத்தினேன். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போன ஞாயிறு அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். கெண்டை மீனைச் செதில் தேய்த்துக்கொண்டே, “உங்காளுங்க விருந்துல நான் எங்க உக்காருவேன்?” என்றாள். 

“என் பக்கத்துல.”

“நீ எடம் குடுக்க மாட்ட.”

“நீ கோணலாப் போடாம இருந்தா குடுப்பேன்.”

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, என்ன உடுத்த வேண்டும் என்று கேட்டாள்.

அதனால் ஏற்பாட்டாளருக்குச் சொல்கிறேன். பேனரில் ரிமூவ் கிளாஸ் என்று முதலில் போடுங்கள், பெரிய எழுத்தில். மருமகன்கள் கேட்டால் என்னிடம் அனுப்புங்கள், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. மேசைத்துணி விரிக்க வேண்டாம். அவள் தன் பேரனின் காம்பஸை எடுத்து வருகிறாளாம்.